பிஎஸ்3 வாங்கிப் படம் பார்க்கலாமா? கேட்ட நண்பனுக்கு

பழைய பிளேஸ்டேஷன் 3 ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, கேமும் ஆடலாம், பென் டிரைவ் செருகி வீட்டில் எல்லாரும் படமும் பார்க்கலாம், வாங்கட்டுமா என்று நண்பன் ஒருவன் கேட்டான். கேம் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை, அது அவனுக்கே நன்றாகத் தெரியும். ஆனால் அந்த "படமும் பார்க்கலாம்" என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னிடம் இருப்பது ஸ்லிம் மாடல். பல வருடங்களாக எங்கள் வீட்டு ஹாலில் டிவிடி பிளேயர், ப்ளூரே பிளேயர், பென் டிரைவ் பிளேயர் எல்லாமே அதுதான். சமீபத்தில் டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ் போய், மாற்றிக்கொண்டு வந்து, மறுபடி நன்றாக ஓடுகிறது. அதன் நல்லதும் கெட்டதும் அத்துப்படி என்ற உரிமையில் எழுதுகிறேன்.

டிஸ்க் போட்டால் எந்தக் குறையும் இல்லை. பிரச்சினை எல்லாம் ஃபைலில்தான். ஒரு வீடியோவை ஓட்ட மாட்டேன் என்று சொல்ல இந்தப் பெட்டியிடம் பல வழிகள் இருக்கின்றன. பென் டிரைவ் எக்ஸ்ஃபேட்டிலோ என்டிஎஃப்எஸ்ஸிலோ ஃபார்மேட் ஆகியிருந்தால் திரையில் அதன் ஐகானே வராது. பழுதான டிரைவ் என்றுதான் தோன்றும். இதற்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும். சரி, ஃபேட்32 ஆக்கிச் செருகினால் ஐகான் வரும், உள்ளே போனால் 'தேர் ஆர் நோ டைட்டில்ஸ்' என்று ஒரு வரி. படம் உள்ளேதான் இருக்கிறது. 'வீடியோ' என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைக்கவில்லை, அவ்வளவுதான். முக்கோணப் பட்டனை அமுக்கி 'டிஸ்ப்ளே ஆல்' கொடுத்தால் எல்லா ஃபோல்டரும் தெரியும். இதெல்லாம் ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும், அப்புறம் தொல்லை இல்லை.

கடைசியாக வருவதுதான் என் சண்டை. ஃபோல்டருக்குள் போகிறோம், ஃபைலின் பெயர் தெரிகிறது, அதன் கீழே சாம்பல் நிறத்தில் 'அன்சப்போர்ட்டட் டேட்டா'. அதற்குமேல் ஒரு விளக்கமும் கிடையாது. சில நேரம் கணினியில் அழகாக ஓடும் ஃபைலைக் காட்டி 'கரப்டட் டேட்டா' என்றுகூடச் சொல்லும். நல்ல ஃபைலைக் கெட்டுப்போனது என்று சொல்லும்போது வரும் எரிச்சல் இருக்கிறதே, அது இத்தனை வருடத்தில் கொஞ்சமும் குறையவில்லை.

ஏன் என்று புரிய, வீடியோ ஃபைல் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் டிபன் கேரியர் மாதிரி, வெறும் உறைகள். ஒரு அடுக்கில் படம், ஒன்றில் ஒலி, ஒன்றில் சப்டைட்டில். படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு கேள்வி. எச்.264 முறையில் சுருக்கிய ஒரே படத்தை எம்பி4-இலும் வைக்கலாம், எம்கேவி-யிலும் வைக்கலாம். பிஎஸ்3-க்கு எச்.264 மிக நன்றாகவே தெரியும். ப்ளூரே டிஸ்க்கில் வினாடிக்கு 40 மெகாபிட் வரை போகும் எச்.264 படத்தை அலுங்காமல் ஓட்டும் இயந்திரம் இது. அதே டிஸ்க்கை மேக்எம்கேவி என்ற மென்பொருளில் எம்கேவி ஃபைலாகப் பிரதி எடுத்துக் கொடுங்கள், தொடவே மாட்டேன் என்கிறது. உள்ளே இருப்பது அதே படம், ஒரு புள்ளிகூட மாறவில்லை.

எம்கேவி-யை எம்பி4-ஆக மாற்றுவது பெரிய வேலையும் இல்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே காப்பி செய்யச் சொன்னால், பென் டிரைவில் ஃபைல் ஏற்றும் நேரம்கூட ஆகாது. ஒலியை மட்டும் பார்க்க வேண்டும். எம்பி4-க்குள் இது ஏற்பது ஏஏசி ஒலி. எம்கேவி-யில் பெரும்பாலும் இருப்பது ஏசி3 அல்லது டிடிஎஸ். ஏசி3 என்றால் நான் டிஎஸ்மக்ஸர் என்ற மென்பொருளை வைத்து எம்2டிஎஸ் என்ற இன்னொரு உறைக்கு மாற்றிவிடுவேன், 5.1 ஒலி கெடாமல் வரும். டிடிஎஸ் என்றால் ஒலியை மட்டும் மாற்றிக்கொள்வேன்.

அப்புறம் லெவல் என்று ஒன்று. எச்.264 ஃபைல் ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் அதை ஓட்ட எவ்வளவு திறன் வேண்டும் என்று ஒரு எண் எழுதியிருக்கும். பிஎஸ்3-க்கு 4.1 வரை பிரச்சினை இல்லை. படத்தைச் சுருக்கிய ஆள் கவனிக்காமல் 5.1 என்று விட்டிருந்தால், உள்ளே இருப்பது சாதாரண 1080பி படமாக இருந்தாலும் கதவு அடைத்துவிடும். இப்படிப்பட்ட பல ஃபைல்களில் அந்த எண்ணை மட்டும் 4.1 என்று திருத்தினாலே போதும், படம் ஓடும். எம்கேவி2விஓபி, பிஎஸ்3 மீடியா சர்வர் போன்ற இலவச மென்பொருள்கள் ஒரு காலத்தில் அத்தனை பேர் கணினியிலும் இருந்தது இந்த மாதிரி வேலைக்குத்தான். உண்மையிலேயே ஓட்ட முடியாத 5.1 ஃபைல்களும் உண்டு. 1080பி-க்கு 4.1 லெவல் அனுமதிப்பது நான்கு ரெஃபரன்ஸ் ஃப்ரேம், அதாவது ஒரு ஃப்ரேமை உருவாக்க ஒப்பிட்டுப் பார்க்க நினைவில் வைத்திருக்கும் மற்ற ஃப்ரேம்கள். அதற்கு மேல் வைத்துச் சுருக்கியிருந்தால் எண்ணைத் திருத்தி ஏமாற்ற முடியாது. நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் எச்.264-உம் அப்படித்தான், வழியே கிடையாது.

இங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. சமீபத்தில் அக்கா மகள் கல்யாண வீடியோவை எடுத்தவர் பென் டிரைவில் கொடுத்தார். ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லாம் ஹாலில் உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவ் எக்ஸ்ஃபேட், அதனால் ஐகானே வரவில்லை. லேப்டாப்பில் ஏற்றி வேறு டிரைவில் போட்டுக் கொண்டுவந்தால் 'அன்சப்போர்ட்டட் டேட்டா'. ஃபைல் பெயர் எம்பி4 என்றுதான் முடிகிறது. உள்ளே பார்த்தால் 4கே, அதுவும் எச்.264-க்கு அடுத்து வந்த எச்.265 முறையில் சுருக்கியது. அதற்காக இந்தப் பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். எச்.265 தரம் வெளியானது 2013-ல், பிஎஸ்3 வந்தது 2006-ல். பிறக்காத ஒன்றை இதற்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 1080பி எச்.264-ஆக மாற்றப் போட்டுவிட்டுத் தூங்கினேன், மறுநாள் எல்லாரும் பார்த்தார்கள்.

என் குறை இதுதான்: சில நிமிடத்தில் உறையை மட்டும் மாற்றினால் ஓடிவிடும் எம்கேவி-க்கும், இரவு முழுக்க லேப்டாப் சூடேற வேண்டிய 4கே எச்.265-க்கும் ஒரே இரண்டு சொல்தான். உறை பிடிக்கவில்லையா, லெவலா, ஒலியா, படமே புரியவில்லையா? ஒரு எண்ணாவது காட்டியிருக்கலாம். எது தப்பு என்று தெரிந்தால் எது மருந்து என்று தெரியும். நான் ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பேன். என் அப்பா என்ன செய்வார்? டிவிக்கு முன்னால் ரிமோட்டோடு உட்கார்ந்து, டிரைவைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவார்.

எம்கேவி-யை ஏற்காததை ஆரம்பத்தில் நான் மன்னித்தேன். 2006-ல் அதை யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 2007 மே மாதம் வந்த 1.80 அப்டேட்டில் டிவிடி படங்களை 1080பி-க்கு உயர்த்திக் காட்டும் வசதியும், வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கணினியிலிருந்து படம் பார்க்கும் டிஎல்என்ஏ-வும் வந்தன. டிசம்பரில் 2.10 அப்டேட் டிவ்எக்ஸ் என்ற சுருக்கும் முறையையும் கொண்டுவந்தது. வாங்கிய பின்னும் ஒரு பெட்டி இப்படி வளர்ந்துகொண்டே போனதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, அந்தச் சந்தோஷம் உண்மை. 2009 ஜனவரியில் வந்த டிவ்எக்ஸ் 7 எம்கேவி-யையே தன் உறையாக எடுத்துக்கொண்டது. அதன் பிறகு மற்ற ப்ளூரே பிளேயர்களில்கூட எம்கேவி ஓட ஆரம்பித்தது. பிஎஸ்3-க்கு மட்டும் கடைசி வரை வரவில்லை. அதன் வயது போன பிறகும், புது ப்ளூரே டிஸ்க்குகளின் பூட்டைத் திறக்கும் சாவியைப் புதுப்பிக்க என்று அப்டேட் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் இறக்கி முடித்ததும் ஒரு எம்கேவி ஃபைலைச் செருகிப் பார்ப்பேன். அதே சாம்பல் நிற எழுத்து.

4 ஜிபி வரம்பையும் சொல்லிவிடுகிறேன். ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபி-யைத் தாண்ட முடியாது. நம் படங்கள் இரண்டரை மணி நேரம் ஓடுகிறவை. கணக்குப் போட்டால் ஒலியையும் சேர்த்து வினாடிக்கு சுமார் 3.8 மெகாபிட்தான் கிடைக்கும். மழையில் சண்டைக்காட்சி வந்தால் 1080பி-யில் கட்டம் கட்டமாகத் தெரியும் அளவு அது. 720பி-க்கு இறங்கினால் தேவலை. அல்லது ஃபைலை இரண்டாக வெட்ட வேண்டும், அதையும் செய்திருக்கிறேன், இடைவேளையில் வெட்டினால் வீட்டில் யாரும் கோபிப்பதில்லை. நெட்வொர்க் வழியாகப் போனால் இந்த வரம்பு இல்லை, கணினியிலிருக்கும் சர்வரே ஓடும்போதே மாற்றி அனுப்பிவிடும், எம்கேவி உட்பட. ஆனால் பிஎஸ்3-ன் வைஃபை பழைய 802.11ஜி. பெரிய ஹெச்டி ஃபைல் திக்கித் திக்கித்தான் வரும். நான் ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்த பிறகுதான் நிம்மதி. படம் பார்க்கும் நேரமெல்லாம் கணினியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சப்டைட்டில் தனி வேதனை. சப்டைட்டில் எழுத்து மட்டும் இருக்கும் எஸ்ஆர்டி ஃபைலைப் பக்கத்தில் வைத்தால் படிக்காது. எம்பி4-க்குள் சேர்த்தாலும் காட்டாது. கொரியப் படம் பார்க்க வேண்டுமென்றால் எழுத்தைப் படத்தோடேயே பதித்துச் சுருக்க வேண்டும், அதாவது காப்பி செய்யும் குறுக்குவழி போயிற்று, முழுப் படத்தையும் மறுபடி சுருக்க வேண்டும்.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்: ஏற்றுக்கொண்ட ஃபைலை இது நடத்தும் விதத்துக்கு ஈடாக வேறொன்றை நான் பார்க்கவில்லை. பட்டியலில் ஒரு வீடியோவின் மேல் போய் நின்றால் போதும், அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ளேயே படம் ஓட ஆரம்பிக்கும். குழந்தைகளின் வீடியோக்களை வரிசையாக வைத்துக்கொண்டு மேலும் கீழும் போனாலே யார், எந்த வயது என்று தெரிந்துவிடும். திறந்து பார்க்க வேண்டியதில்லை. சீன் சர்ச் போட்டால் படம் முழுக்கச் சின்னச் சின்னப் படங்களாக விரியும், கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடத்துக்கு நேராகப் போகலாம். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் பேச்சும் கூடவே கேட்கும், குரல் கீச்சென்று போகாது. நீளமான சொற்பொழிவுப் பதிவுகளை நான் இப்படித்தான் கேட்கிறேன். பழைய ஏவிசிஹெச்டி கேமராவின் மெமரி கார்டை ரீடரில் போட்டு அப்படியே செருகினால் எந்த மாற்றமும் வேண்டாம், ஓடும். சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து 2006-ல் கொண்டுவந்த முறை அது, இந்தப் பெட்டிக்குச் சொந்த வீட்டுப் பிள்ளை. பழைய கல்யாண டிவிடிகளையும் இது டிவியில் காட்டும் அழகை என் புது டிவியே தனியாகக் காட்டுவதில்லை.

இப்போது நண்பனுக்கு. பென் டிரைவில் படம் பார்க்கத்தான் என்றால் பிஎஸ்3 வாங்காதே. இன்றைக்கு உன் கைக்கு வரும் ஃபைலில் பாதி எம்கேவி, மீதியில் பாதி எச்.265. ஒவ்வொன்றையும் கணினியில் மாற்றிக்கொண்டிருக்க உனக்குப் பொறுமை இல்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் கூடுதலாகப் போட்டு பிஎஸ்4 பார். 2013-ல் வந்தபோது அதிலும் பென் டிரைவ் படம் ஓடாது. 2015 ஜூனில் மீடியா பிளேயர் ஆப் வந்த பிறகு எம்கேவி ஓடுகிறது, எக்ஸ்ஃபேட்டும் படிக்கிறது. வீட்டில் டிவிடியும் ப்ளூரேயும் அடுக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பிஎஸ்3 வாங்கலாம், ஆனால் லென்ஸைப் பார்த்து வாங்குங்கள், கடையிலேயே ஒரு ப்ளூரே டிஸ்க்கைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடு என்று மட்டும் கேட்காதே, தர மாட்டேன். லென்ஸ் மறுபடி போனால் மறுபடி மாற்றுவேன். நான் சொல்வதைக் கேட்காமல் வாங்கிவிட்டால், முதலில் பென் டிரைவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா, ஃபேட்32 போட்டு, 'வீடியோ' ஃபோல்டரும் போட்டுத் தருகிறேன்.