பாளையங்கோட்டையில் ஒரு ஃப்ளூ தடுப்பூசி மையம்: மருத்துவர் அருமை, பலகை தவறு

ஐப்பசி மழைக்கு முன் ஃப்ளூ ஊசி போட்டுவிடலாம் என்று, 1946இல் பிறந்த என் தந்தையாரை அழைத்துக்கொண்டு, பாளையங்கோட்டையில் மாடியில் இயங்கும் ஒரு தனியார் தடுப்பூசி மையத்துக்குச் சென்றேன். படிக்கட்டு செங்குத்தாக இருந்ததால் முதியவர்கள் நின்று நின்றுதான் ஏற முடியும்.

வரவேற்பறையில் “இந்த ஊசி பறவைக் காய்ச்சலையும் தடுக்கும்” என்று ஒரு பலகை தொங்கியது. நாங்கள் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு அருகில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள். குளத்துக்கு ஆண்டுதோறும் வரித்தலை வாத்துகள் வருகின்றன. அதே இன வாத்துகள் 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் கிருமியால் பெருந்தொகையாக மடிந்தன என்பதைப் படித்திருந்ததால், பலகையைக் குறித்து மருத்துவரிடம் கேட்டேன்.

இந்த மையத்துக்கு நான் தரும் மதிப்பெண் முழுவதும் அவர் அளித்த பதிலுக்கே உரியது. ரசீதின் பின்புறத்தில் ஒரு காளானை வரைந்தார். கிருமியின் மேலுள்ள ஹீமக்ளூட்டினின் புரதம் அந்த வடிவில்தான் இருக்கிறது என்றும், ஆண்டுக்கு ஆண்டு மாறுவது பெரும்பாலும் அதன் குடைதான், தண்டு அவ்வளவாக மாறுவதில்லை என்றும் விளக்கினார். இந்தப் புரதத்தின் வகைகளில் எச்1, எச்2, எச்5 ஆகியவற்றின் தண்டுகள் ஒன்றையொன்று ஒத்தவை. எச்3, எச்7 இரண்டும் வேறொரு கூட்டம். குழந்தைப் பருவத்தில் முதன்முதலாக வந்த ஃப்ளூ எந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததோ, அதையே உடல் ஆயுள் முழுவதும் அழுத்தமாக நினைவில் வைத்துக்கொள்கிறது. 1968இல் எச்3என்2 என்னும் மனித ஃப்ளூ பரவத் தொடங்கும்முன் பிறந்தவர்களுக்கு எச்5என்1இன் கடுமை குறைவாகவும், அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு மற்றொரு பறவைக் காய்ச்சலான எச்7என்9இன் கடுமை குறைவாகவும் இருந்ததை 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியதாம். அந்தக் கணக்கில் என் தந்தையார் ஒரு கூட்டம். 1971இல் பிறந்த நான் பெரும்பாலும் மற்றொன்று.

“அப்போ கோழிக் காய்ச்சல் என்னைய ஒண்ணும் செய்யாதாம்மா?” என்று தந்தையார் மகிழ்ந்து கேட்டார். “அப்படிச் சொல்ல முடியாது தாத்தா, வந்தால் கொஞ்சம் தாங்கலாம், அவ்வளவுதான். செத்த கோழியைக் கையால் தொடாதீங்க” என்றார் மருத்துவர்.

2009இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 எனக்கு வந்து போயிருந்தால், கிருமியின் மேலுள்ள மற்றொரு புரதமான அதன் ‘என்1’க்கு எதிராக உண்டான எதிர்ப்பொருள் எச்5என்1இன் ‘என்1’ மீதும் ஓரளவு வேலை செய்யக்கூடும் என்றார். ஃபெரட் விலங்குகளில் முன்னர் எச்1என்1 தொற்றியிருந்தவை எச்5என்1இன் கடுமையைத் தாங்கியதும், எச்3என்2 மட்டும் தொற்றியிருந்தவற்றுக்கு அந்த அளவு காப்பு கிடைக்காததும் சோதனைகளில் தெரிந்திருக்கின்றன. ஆனால் ஊசி பெரும்பாலும் குடைக்கு எதிராகவே எதிர்ப்பை உண்டாக்குகிறது. அதில் எச்5 இல்லவே இல்லை. எனவே பறவைக் காய்ச்சலுக்கு அதை நம்ப முடியாது. மனித ஃப்ளூ கிருமியும் பறவைக் காய்ச்சல் கிருமியும் ஒரே உடலில் கலந்து புதியதொன்று உருவாகும் வாய்ப்பைக் குறைப்பது ஊசியின் வேறு பயன்.

செவிலியர் முதலில் எடுத்துவந்தது சென்ற பருவத்துக்கான ஊசி. பெட்டியைப் பார்த்துச் சொன்னதும் மறுப்பின்றி மாற்றித் தந்தார். ஒருவருக்கு 1,800 ரூபாய், ரசீது உண்டு.

பலகையைக் கழற்றிவிடுமாறு வரவேற்பறையில் சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து மகளை அழைத்துச் சென்றபோதும் அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.