கொடியா, மரமா: விலை குறைந்த கோல்ஃப் ரேஞ்ச்ஃபைண்டர்களில் எதை எடுப்பது?

விலை குறைந்த லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) எதை எடுத்தாலும் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும்: 600 யார்டு, 1000 யார்டு, 1200 யார்டு. வாங்குபவரின் கண் முதலில் போவதும் அங்கேதான். ஆனால் ஆட்டத்தில் இந்தக் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் குழியில் நட்ட கொடிக்கு 60 முதல் 200 யார்டு தூரத்தில் நிற்கும்போதுதான். அந்தப் பெரிய எண், வெள்ளைச் சுவர், ஒளி திருப்பும் பலகை போன்ற பொருள்களை வைத்துச் சொல்லப்படுவது. விரல் தடிமனில் நிற்கும் கொடிக்கம்புக்கு அது செல்லாது. புஷ்னெல் டூர் வி5 நல்ல உதாரணம்: மொத்தத் தூரம் 1300 யார்டு, கொடிக்கு 400-க்குச் சற்று மேல் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறார்கள். கொடிக்கான எண்ணைத் தனியாகப் போடாத கருவியில், முகப்பு எண்ணில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு யோசியுங்கள்.

ஆக, 600-க்கும் 1000-க்கும் இடையே தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. 170 யார்டில் கொடி, அதற்குப் பின்னால் 20 யார்டு தள்ளி மரவரிசை. இந்த நிலையில் கருவி எதைப் பிடிக்கிறது, பிடித்ததை எப்படிச் சொல்கிறது? மலிவான கருவிகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகுவது இந்த இடத்தில்தான்.

ஏன் மரத்தைப் பிடிக்கிறது

கருவி அனுப்பும் ஒளித்துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு யார்டு தூரத்துக்குப் போய்வர ஒளிக்கு ஆகும் நேரம் சுமார் 6 நானோ விநாடி. இதை அளப்பது இன்று மலிவான சிப்புக்கும் பெரிய வேலையில்லை. அதனால்தான் எல்லாக் கருவிகளும் ஒரு யார்டு கூடக்குறைய என்ற துல்லியத்தைச் சொல்கின்றன. ஓரளவு காப்பாற்றவும் செய்கின்றன.

சிக்கல் ஒளிக்கற்றையின் அகலத்தில் இருக்கிறது. கற்றை ஒரு மில்லிரேடியன் விரிந்தாலே 150 மீட்டரில் 15 செ.மீ. அகலமாகிவிடும். கம்பின் மேல் விழுவது அதில் சிறு கீற்று. மிச்சமெல்லாம் பக்கவாட்டில் தாண்டிப்போய் மரத்தில் அடித்துத் திரும்புகிறது. கருவிக்கு வருவது இரண்டு எதிரொலிகள். அருகிலிருந்து வருவது மெல்லியது, தொலைவிலிருந்து வருவது தடித்தது. எது வலுவோ அதையே காட்டும் கருவி மரத்தின் தூரத்தைத் தரும். கிட்டத்தில் இருப்பதை முதன்மையாக எடுக்கும் மென்பொருள் உள்ள கருவி கொடியைத் தரும். கொடிப் பிடிப்பு, முதல் இலக்கு முன்னுரிமை, பின் சீக்கர் (ஆங்கிலத்தில் 'பின்' என்றால் கொடிக்கம்பு) என்று ஆளுக்கொரு பெயர் வைத்தாலும் விஷயம் இதுதான்.

கை நடுக்கமும் சேர்ந்துகொள்ளும். ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு அசைந்தால் போதும், 150 மீட்டரில் குறி 26 செ.மீ. விலகிவிடும். 6 மடங்குக்குப் பதில் 7 மடங்கு உருப்பெருக்கம் வாங்கினால் இது சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. உருப்பெருக்கம் கூடினால் நடுக்கமும் பெரிதாகத் தெரியும், பார்க்கும் பரப்பும் சுருங்கும். கை நடுங்குபவர்கள் 6 மடங்கிலேயே நிற்பது நல்லது. 5 மடங்குகூடப் போதும்.

அதிர்வு இருப்பதும் இல்லாததும்

கொடி சிக்கியதும் கைக்குள் ஒரு சிறு அதிர்வு தருவது இப்போது குறைந்த விலைக் கருவிகளிலும் வந்துவிட்டது. நல்ல வசதிதான். ஆனால் சில கருவிகள் எதன் மேல் ஒளி பட்டுத் திரும்பினாலும் அதிர்கின்றன. அப்போது அந்த அதிர்வு 'அளவு கிடைத்தது' என்று மட்டுமே சொல்கிறது, 'கொடி கிடைத்தது' என்று சொல்லவில்லை. கண்டுபிடிக்க எளிய வழி: பெரிய வெற்றுச் சுவர் ஒன்றைக் குறிவைத்து அழுத்துங்கள். அங்கேயும் அதிர்ந்தால் மைதானத்தில் அதை நம்பிக் கிளப்பை (பந்தடிக்கும் மட்டையை) உருவக் கூடாது.

நிக்கான் கூல்ஷாட் 20 ஜிஐஐ-யில் அதிர்வு கிடையாது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் 8 விநாடி தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கும்; கிட்டத்து இலக்கை முதலில் காட்டும். 6 மடங்கு உருப்பெருக்கம், 20 மி.மீ. லென்ஸ், எடை சுமார் 130 கிராம், சட்டைப்பையில் அடங்கும் அளவு. பொத்தானை விட்ட பிறகும் அளவு ஓடுவதால் விரல் அழுத்தத்தால் வரும் குலுக்கல் இல்லை. எண்ணைப் பார்த்துத் தானே முடிவெடுக்கப் பழகியவருக்கு அதிர்வில்லாதது குறையாகத் தெரியாது. புதிதாகத் தொடங்குபவருக்கு ஷாட் ஸ்கோப் புரோ எல்2 போல அதிர்வும், ஸ்லோப்பும் (மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தூரத்தைத் திருத்தும் கணக்கு), வண்டியில் ஒட்டவைக்கும் காந்தமும் சேர்ந்து வரும் கருவி கைக்கு எளிது. டெக்டெக்டெக் விபிஆர்ஓ500 இன்னும் எளிமையானது: 6 மடங்கு, 540 யார்டு, ஸ்லோப் இல்லை, ஸ்லோப் வேண்டுமென்றால் பெயரின் முடிவில் எஸ் எழுத்து உள்ள வகையைப் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் ஓரெழுத்து வித்தியாசத்தில் இரண்டு கருவிகள் விற்பது இந்தச் சந்தையில் வழக்கம். ஆர்டர் போடும் முன் அந்த ஓர் எழுத்தை இரண்டு முறை பாருங்கள்.

ஸ்லோப்: எந்த ஸ்லோப்?

மேட்டுக்கு அடித்தால் கூடுதல் தூரம், பள்ளத்துக்கு அடித்தால் குறைந்த தூரம் என்று கணக்கிட்டுச் சொல்வது ஸ்லோப். இதில்தான் மலிவுச் சந்தையின் பெரிய பொறி இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

வேட்டைக்கும் கோல்ஃபுக்கும் சேர்த்து விற்கப்படும் கருவிகளில் 'கோணத் திருத்தம்' என்று ஒரு வசதி இருக்கும். அது தருவது கிடைத்தளத் தூரம். கொடி 150 யார்டில், நிற்கும் இடத்தைவிட 10 யார்டு உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைத்தளத் தூரம் 149.7. பள்ளத்தில் 10 யார்டு இறங்கி இருந்தாலும் அதே 149.7. வேட்டைக்காரருக்கு அது சரி. பந்துக்கோ மேட்டில் ஏறக்குறைய 160, பள்ளத்தில் ஏறக்குறைய 140 அடிக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் இடையே இரண்டு கிளப் வித்தியாசம் (ஒரு கிளப்புக்குச் சுமார் 10 யார்டு). கோணத் திருத்தம் இருக்கிறதே என்று வாங்கியவர் அடிக்கும் பந்து மேட்டு கிரீனுக்கு (குழியைச் சுற்றிய புல்தரைக்கு) எப்போதும் முன்னாலேயே விழுந்துகொண்டிருக்கும், காரணம் புரியாது.

சோதிக்க மைதானம்கூட வேண்டாம். ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியைக் கீழிருந்து அளங்கள். திருத்திய எண் நேர்கோட்டுத் தூரத்தைவிடக் கூடினால் அது கோல்ஃப் ஸ்லோப். குறைந்தால் வேட்டைக் கணக்கு.

ஸ்லோப் இல்லாத கருவியே போதுமா? சமதள மைதானத்தில் ஆடுபவருக்குப் போதும். ஒரு யார்டு ஏற்றத்துக்கு ஒரு யார்டு கூட்டு என்ற மனக்கணக்கு நடுத்தர அயர்ன் மட்டைகளுக்கு நன்றாகவே ஒத்துவரும், ஏனென்றால் அந்தப் பந்துகள் ஏறக்குறைய 45 பாகையில் இறங்குகின்றன. பந்து செங்குத்தாக இறங்கும் வெட்ஜ் என்ற குறுந்தூர மட்டைக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். தாழ்வாக வரும் நீள அடிகளுக்குக் கொஞ்சம் கூட்ட வேண்டும். மேடுபள்ளமான மைதானத்தில் ஏற்றம் எவ்வளவு என்பதே கண்ணுக்குப் பிடிபடாது. அங்கே ஸ்லோப் நிச்சயம் உதவும்.

போட்டி ஆடுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோல்ஃப் விதிகளின்படி (விதி 4.3) தூரம் அளக்கலாம்; உயர வேறுபாட்டை அளப்பது கூடாது. ஸ்லோப் உள்ள கருவியை அதை அணைத்துவைத்துப் பயன்படுத்தத் தடையில்லை, போட்டிக் குழு உள்ளூர் விதி போட்டுத் தூரக் கருவியையே தடுத்திருந்தால் தவிர. மீறினால் ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில்) முதல் முறை 2 ஸ்ட்ரோக் தண்டனை, இரண்டாம் முறை தகுதி நீக்கம். ஆகவே ஸ்லோப்பை மெனுவுக்குள் புதைத்து வைத்திருக்கும் கருவியைவிட, வெளியில் தனிச் சுவிட்சோ தள்ளும் தகடோ உள்ள கருவி மேல். அணைத்திருப்பதை உடன் ஆடுபவரும் ஒரே பார்வையில் பார்த்துக்கொள்வார்.

மின்கலம்: சிஆர்2-வா, சார்ஜ் செய்வதா

சிஆர்2 என்பது 3 வோல்ட் லித்தியம் மின்கலம். ஆயிரக்கணக்கான அளவுகளுக்கு வரும். பையில் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுவைத்தால் நடு ஆட்டத்தில் தீர்ந்தாலும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். அதே அளவில் கிடைக்கும் 3.7 வோல்ட் சார்ஜ் மின்கலத்தை மட்டும் உள்ளே போட வேண்டாம். முழு சார்ஜில் அது 4.2 வோல்ட் வரை போகும். 3 வோல்ட்டுக்காகச் செய்த பலகை எரிந்துபோக வாய்ப்புண்டு.

உள்ளேயே மின்கலம் வைத்து யுஎஸ்பி வழியே சார்ஜ் ஏற்றும் கருவிகள் பெரும்பாலும் விலையில் இன்னும் கீழே. செலவு மிச்சம். ஆனால் சில ஆண்டுகளில் அந்த மின்கலம் சோர்ந்தால் பல கருவிகளில் மாற்ற வழியிருக்காது. இன்னொன்று, புதிதாக வந்த கருவி 'சார்ஜே ஏறவில்லை' என்று திருப்பி அனுப்பப்படுவதற்கு ஒரு சின்னக் காரணம் உண்டு. டைப்-சி துளை இருந்தும், இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் ஏறாது. உள்ளே இருக்க வேண்டிய இரண்டு சிறு ரெசிஸ்டர்களைச் செலவு குறைக்க விட்டுவிட்டிருப்பார்கள். ஒருபுறம் பழைய அகலமான யுஎஸ்பி முனை உள்ள கேபிளைப் போட்டுப் பாருங்கள், ஏறிவிடும்.

வாரத்துக்கு ஒருமுறை ஆடுபவருக்கு சிஆர்2-வே எங்கள் தேர்வு. தினமும் பயிற்சித் திடலில் நூறு முறை அளப்பவருக்குச் சார்ஜ் வகை சிக்கனம்.

திரை

மலிவு வகைகளில் அதிகம் இருப்பது கறுப்பு எல்சிடி எழுத்து. வெயிலில் தெளிவாகத் தெரியும். அந்தி நேரத்தில், கரும்பச்சை மரங்களின் முன்னால், எண் கரைந்துவிடும். சிவப்பு ஓலெட் எழுத்து இதற்கு நேர்மாறு: நிழலில் பளிச்சென்று இருக்கும், உச்சி வெயிலில் மங்கும், ஒளி அளவைக் கூட்டும் வசதி இல்லாவிட்டால் அதை எடுக்க வேண்டாம். போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி அணிபவர்கள் எல்சிடி வழியே பார்த்தால் திரையே இருண்டுபோகலாம். கருவியைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் மாறினால் கண்ணாடிதான் காரணம். எண்கள் மங்கலாக இருந்தால் கருவியைக் குறை சொல்லும் முன், கண்வைக்கும் வளையத்தைத் திருகி எழுத்து கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

தசமத்தில் காட்டும் கருவிக்குக் கூடுதல் மதிப்புத் தர வேண்டியதில்லை. அடுத்தடுத்த அயர்ன்களுக்கு இடையே 10 யார்டு இருக்கும்போது 152.4-க்கும் 152-க்கும் வேறுபாடு இல்லை. அதைவிட முக்கியம், எண்ணின் பக்கத்தில் இருப்பது 'ஒய்'யா 'எம்'மா என்பது. 150 மீட்டர் என்பது 164 யார்டு. பொத்தானைத் தவறுதலாக நீண்ட நேரம் அழுத்தியதில் அலகு மாறிப்போய், ஒரு சுற்று முழுக்கக் கிளப் தப்பிப்போவது அடிக்கடி நடக்கிறது.

பழைய உயர்வகையா, புதிய மலிவு வகையா

கைமாறி வரும் புஷ்னெல் டூர் வி4 (5 மடங்கு) அல்லது வி5 (6 மடங்கு) புதிய மலிவுக் கருவியோடு ஏறக்குறைய ஒரே செலவில் கிடைக்குமானால், கொடியைப் பிடிப்பதில் பழையதன் பக்கமே சாயலாம். ஸ்லோப் சுவிட்ச் வேண்டுமென்றால் 'ஷிஃப்ட்' என்ற சொல் பெயரில் இருக்க வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்று: மின்கல அறையில் பச்சை அல்லது வெள்ளைப் பூச்சு படிந்திருக்கிறதா, லென்ஸின் உள்பக்கம் மூடுபனி போல இருக்கிறதா, பொத்தான் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பதில் தருகிறதா. முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். உத்தரவாதம் முக்கியம் என்பவருக்குப் புதியதுதான்.

காந்தம் பற்றி ஒரு வரி: வண்டியின் இரும்புச் சட்டத்தில்தான் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது.

ஜிபிஎஸ் வாட்ச் போதாதா

வாட்ச் கிரீனின் முன், நடு, பின் தூரங்களைத் தரும். மேட்டுக்குப் பின்னால் மறைந்த கிரீன், மழை, மூடுபனி எல்லாவற்றிலும் வேலை செய்யும். இந்த இடங்களில் லேசர் தடுமாறும் அல்லது கைவிடும். ஆனால் இன்று கொடியை எங்கே நட்டிருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. 30 யார்டு ஆழமான கிரீனில் அது மூன்று கிளப் வித்தியாசம். 200 யார்டுக்கு மேல் நின்று கிரீனில் எங்காவது விழுந்தால் போதும் என்று ஆடுபவருக்கு வாட்ச் பொருத்தம். 150-க்குள் வந்து கொடிக்கு அடிப்பவருக்கு லேசர்.

வாங்கிய முதல் நாள்

திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன், 150 யார்டுக்கு அப்பால் பின்னணியில் மரமோ புதரோ உள்ள ஒரு மெல்லிய கம்பைத் தேடுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானை அழுத்தியபடி கம்பின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மெல்ல நகர்த்துங்கள். எண் 176, 176, 152, 176 என்று மாறினால் 152 கம்பு, மற்றது மரம். எல்லாமே 176 என்றால் கம்பு சிக்கவில்லை. இப்படிப் பத்து முறை செய்து, எட்டு முறையாவது கம்பு கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்குக் கீழே போனால், மற்ற வசதிகள் எத்தனை இருந்தாலும், பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மைதானத்திலும் இதே பழக்கம் கைகொடுக்கும். கொடியை அளந்தவுடன் பின்னால் உள்ள மரத்தையும், முன்னால் உள்ள பங்கரின் (மணல் குழியின்) விளிம்பையும் அளந்துவிடுங்கள். மூன்று எண்களும் வெவ்வேறாக, எதிர்பார்த்த வரிசையில் வந்தால் நடு எண்ணை நம்பிக் கிளப்பை எடுக்கலாம்.