நான்கு வருட இசப்கோலும் மூன்று மாத மருதம்பட்டையும்

மாலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் வந்துவிடும். ஒன்று எனக்கு, ஒன்று என் கணவருக்கு. டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு மேசைக்கரண்டி இசப்கோலை, அதாவது கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும் நார்ச்சத்து உமியைத் தூவி, நான்கு சுற்றுக் கலக்கி, உடனே குடித்துவிட வேண்டும். இடையில் யாராவது வாசலில் கூப்பிட்டு, போய்ப் பேசிவிட்டு வந்தால் அவ்வளவுதான். டம்ளரில் இருப்பது ஊறிய சப்ஜா போலக் கொழகொழத்துவிடும். பிறகு கரண்டியால் வழித்துத்தான் சாப்பிட வேண்டும். குடித்த கையோடு இன்னொரு டம்ளர் வெறும் தண்ணீர். 2021 அக்டோபரில் தொடங்கிய பழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

எனக்கு வயது 67. அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் இருக்கிறேன். என் அண்ணன் மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு 58 வயதுதான். அந்தப் பயம் எங்கள் குடும்பத்தில் எல்லோர் மனதிலும் உண்டு. 2020-இல் என் ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 158 என்று வந்தது. டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் 101 ஆகக் குறைந்தது. அதோடு நான் திருப்தி அடைந்திருக்கலாம். ஆனால், ஆயுள் முழுவதும் மாத்திரையா என்ற எண்ணம் என்னை விடவில்லை. இயற்கையாகவே குறைத்துக்கொள்ள வழி இருக்கும்போது எதற்கு என்று உறவினர் ஒருவர் சொன்னார். பூண்டு எண்ணெய் கேப்ஸ்யூல் வாங்கினேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாத்திரையை நிறுத்தினேன்.

மூன்று மாதம் கழித்து எல்டிஎல் 151.

அந்தத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் கோபப்படவில்லை. “அம்மா, மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள்?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாளே மாத்திரையை மறுபடி தொடங்கினேன். எல்டிஎல் பழையபடி 101-க்கு இறங்கியது.

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2022 நவம்பரில் வெளியானது. என் மாத்திரையின் வகையைச் சேர்ந்த ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம் ஒரு பக்கம்; மீன் எண்ணெய், லவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய துணை உணவுகள் ஒரு பக்கம்; மருந்தே இல்லாத போலி மாத்திரை ஒரு பக்கம். 28 நாள் கழித்துப் பார்த்தபோது, ரோசுவாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு எல்டிஎல் ஏறத்தாழ 38 சதவீதம் குறைந்திருந்தது. அந்த ஆறு துணை உணவுகளில் ஒன்றுகூட போலி மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. பூண்டு எடுத்தவர்களுக்குச் சற்றுக் கூடவே செய்திருந்தது. 28 நாள் குறைந்த காலம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மூன்று மாத அனுபவமும் அதையேதான் சொன்னது.

பூண்டுக் கேப்ஸ்யூல் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாங்கி வைத்த கேப்ஸ்யூலை அவரும் எடுத்துக்கொண்டார். பல் பிடுங்கிய அன்று இரவு பத்து மணி வரை பஞ்சு மாற்றி மாற்றி வைத்தும் ரத்தக் கசிவு நிற்கவில்லை. பூண்டுதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்குச் செறிவான பூண்டுக் கேப்ஸ்யூல் கசிவைக் கூட்டலாம் என்பது மருத்துவர்கள் அறிந்ததுதான். ரசத்தில் நசுக்கிப் போடும் நாலு பல் பூண்டை இதோடு சேர்த்துப் பேசவில்லை. அது இன்றும் எங்கள் வீட்டு ரசத்தில் உண்டு.

அடுத்து மருதம்பட்டை. திருவிடைமருதூர்க் கோயிலின் தல விருட்சமே மருத மரம்தான். காவிரிக் கரையில் வளர்ந்த எங்களுக்கு அந்த மரத்தின் மேல் தனிப் பிரியம். நாட்டு மருந்துக் கடையில் பட்டையை வாங்கி, ஒன்றிரண்டாக இடித்து, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும் வரை காய்ச்சிக் குடித்தேன். செங்காவி நிறத்தில் இருக்கும். நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. மூன்று மாதம் விடாமல் குடித்தும் கொழுப்பின் அளவு அசையவே இல்லை. மாறாக மலச்சிக்கல் வந்தது. மருதம்பட்டையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2002-இல் இந்தூர் மருத்துவர்கள் நெஞ்சுவலி உள்ள 58 ஆண்களுக்கு அதன் சாறை 500 மில்லிகிராம் வீதம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்து, வலி வருவது குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஆய்வு நெஞ்சுவலியைப் பற்றியது, அதுவும் சில நாள்களுக்கானது. எனக்கு நெஞ்சுவலி கிடையாது. என் நோய் ஒன்று, நான் குடித்த மருந்து வேறொன்று.

இசப்கோலுக்கு வந்தது தற்செயல். அந்த மலச்சிக்கலுக்காகத்தான் டாக்டர் அதைச் சொன்னார். “கொழுப்புக்கும் நல்லது, மாத்திரையோடு சேர்த்தே எடுங்கள்” என்றார். விதையின் வடிவத்தை வைத்துக் குதிரைக் காது என்று பாரசீகத்தில் சொன்னதுதான் இந்தப் பெயர் என்பார்கள். குஜராத்தின் உஞ்சா சந்தைதான் இதற்குப் பெரிய வியாபாரத் தலம். நாம் உண்பது விதையை அல்ல, அதன் மேலிருக்கும் மெல்லிய உமியை.

இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை பிடித்தது. உமி தண்ணீரை இழுத்துக்கொண்டு கூழாகிறது. குடலுக்குள் வரும் பித்தநீரில் ஒரு பகுதியை அந்தக் கூழ் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. குறைந்த பித்தத்தை ஈடுகட்டக் கல்லீரல் மறுபடி பித்தம் சுரக்க வேண்டும். அதற்கு மூலப்பொருள் கொழுப்பு. அதை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998-இலேயே, தினமும் சுமார் 10 கிராம் உமி இதய நோய் ஆபத்தைக் குறைக்க உதவலாம் என்று பெட்டியில் அச்சிட அனுமதி கொடுத்துவிட்டது. 2005-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், அதே வகை மாத்திரையான சிம்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமோடு தினமும் 15 கிராம் இசப்கோல் சேர்த்தவர்களுக்கு, 20 மில்லிகிராம் மாத்திரையைத் தனியாக எடுத்தவர்களுக்குக் குறைந்த அதே அளவுக்கு எல்டிஎல் குறைந்தது.

நான் எடுப்பது தலைதட்டிய கரண்டி ஒன்று காலை பதினொன்றுக்கு, ஒன்று மாலையில். மொத்தம் 10 கிராம் வரும். முதல் இரண்டு வாரம் வயிறு உப்புசம் படுத்திவிட்டது. அரைக் கரண்டியில் தொடங்கி ஏற்றியிருக்க வேண்டும், எனக்கு அப்போது தெரியவில்லை. மூன்று மாதத்தில் எல்டிஎல் 101-லிருந்து 92. அதன் பிறகு நான்கு வருடமாக 88-க்கும் 95-க்கும் இடையில் நிற்கிறது. மாத்திரை இன்னும் 10 மில்லிகிராமிலேயே இருக்கிறது. 158-லிருந்து 101-க்குக் கொண்டுவந்தது மாத்திரை. அடுத்த ஒன்பது புள்ளி இசப்கோல். அந்த ஒன்பதை நான் மதிக்கிறேன், ஆனால் ஐம்பத்தேழோடு போட்டிக்கு நிறுத்த மாட்டேன்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் காலையில் தைராய்டு மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்திலேயே இசப்கோலைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது மாதம் ரத்தத்தில் டிஎஸ்எச் அளவு ஏறிவிட்டது, அதாவது தைராய்டு மாத்திரை போதவில்லை. மாத்திரையை மாற்றவில்லை, வேளை தவறவில்லை. ஏன் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டபோதுதான் இது வெளியே வந்தது. நார்ச்சத்து கூழாகி மாத்திரையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாமாம். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம், மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொன்னார். ஆறு மணிக்குத் தைராய்டு, பதினொன்றுக்கு இசப்கோல் என்று மாற்றியதும் அடுத்த பரிசோதனையில் சரியாகிவிட்டது. டிஜாக்சின் போன்ற இதய மருந்து எடுப்பவர்களுக்கும் இந்த இடைவெளி முக்கியம்.

வாங்கும்போது வெறும் உமியாகப் பார்த்து வாங்குங்கள். ஆரஞ்சுச் சுவையில் வருபவற்றில் பலவற்றில் சர்க்கரை கலந்திருக்கும்.

ஆளி விதையையும் வறுத்துப் பொடித்து இட்லிப் பொடியில் சேர்க்கிறோம். ருசியாக இருக்கிறது, அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மூலிகைத் தேநீர் என்று விற்பவற்றில் அதிமதுரம் இருக்கிறதா என்று மட்டும் திருப்பிப் பாருங்கள். தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். துணை உணவுப் பெட்டிகளில் ‘மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அது பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் மன்னார்குடியிலிருந்து என் நாத்தனார் போன் செய்து, அடுத்த முறை வரும்போது தனக்கும் ஒரு பெட்டி வாங்கி வரச் சொன்னார். அவருக்கு 74 வயது. பக்கவாதம் வந்த பிறகு தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. இசப்கோல் தொண்டையிலோ உணவுக்குழாயிலோ பாதி வழியில் ஊறி அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் வாங்கவில்லை. அவருடைய டாக்டரிடம் கேட்டோம். ஓட்ஸைக் கெட்டியான கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுக்கலாம் என்றார். அதிலும் கொழுப்பைக் குறைக்கும் கரையும் நார்ச்சத்து உண்டு. சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்து அரைத்த பொடி இரண்டு டப்பா நிரப்பி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் எடுத்துப் போக.