ஜப்தியும் தவணையும்: இரண்டு ஆமைகளோடு ஒன்பது வருடம்

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்று அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். 2016-இல் இரண்டாம் வகுப்பு படித்த மகளின் பிறந்தநாளுக்காக, ஒரு மீன் கடையில் ஜோடி முந்நூறு ரூபாய்க்கு வாங்கி வந்த ஆமைக்குஞ்சுகள் அவை. அப்பா நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பழமொழியைக் கேட்டுச் சிரித்துவிட்டு அவரே பெயர் வைத்தார். போட்ட தீனியைப் பாய்ந்து பறித்தது ஜப்தி. தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நீட்டியது தவணை.

இரண்டும் ரெட் இயர்டு ஸ்லைடர் இனம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். “உள்ளங்கை அளவுக்கு மேல் வளராது” என்று கடையில் சொன்னதை நம்பினேன். இன்று ஜப்தியின் ஓடு 24 சென்டிமீட்டர், தவணையுடையது 16. இந்த இனத்தில் பெண்தான் பெரிதாக வளரும். ஆணுக்கு முன்கால் நகங்கள் நீளமாகவும் வால் தடிமனாகவும் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது இதெல்லாம் தெரியாது. நாங்கள் மூன்று வருடம் ஜப்தியை ஆண் என்றே நினைத்திருந்தோம், அடாவடியை வைத்து!

முதல் மூன்று வருடம் இரண்டையும் ஒரே மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். காலையில் அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே ஜப்தி கண்ணாடியில் மோதிக்கொண்டு நிற்கும். தவணை வடிகட்டிக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும். வெயில் காய வைத்திருந்த கல்லில் தவணை கீழே, அதன் முதுகில் ஜப்தி. “எவ்வளவு பாசம் பாருங்க” என்று எல்லோருக்கும் போட்டோ அனுப்பினேன். அது பாசமில்லை, இடத்துக்கான போட்டி. மேலே ஏறுகிறவருக்கு வெளிச்சமும் சூடும் கிடைக்கும், கீழே இருப்பவருக்கு நிழல்தான். இரண்டாம் வருடம் தவணையின் ஓட்டை அழுத்தியபோது ஓரம் வளைந்து கொடுத்தது. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார் மருத்துவர். விளக்கு உண்டா, யார் அதிகம் சாப்பிடுகிறார்கள், யார் அதிக நேரம் கல்லில் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டார். கடைசி இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்: ஜப்தி.

அப்போதும் நான் பிரிக்கவில்லை. இரண்டாவதாக ஒரு கல் வைத்தேன். ஜப்தி இரண்டையும் ஜப்தி செய்தது. 2019-இல் கதை திரும்பியது. தவணை வயதுக்கு வந்து, ஜப்தியின் முகத்துக்கு நேராக முன்னங்கால் நகங்களைப் படபடவென்று ஆட்ட ஆரம்பித்தது. ஆண் பெண்ணை அழைக்கும் விதம் அது. ஜப்திக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் தவணையின் பின்காலில் கடி, தண்ணீரில் ரத்தம். அன்று மாலையே தனித்தனி டப்பு.

பிரித்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கூச்சம் தவணையின் பிறவிக் குணம் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தனி டப்பில் விட்ட மூன்றாம் வாரமே நடு மத்தியானத்தில் நான்கு காலையும் நீட்டிக்கொண்டு வெயில் காய்ந்தது. பாதிக் கூச்சம் பக்கத்து வீட்டுக்காரரான ஜப்தியால் வந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. நான் நின்று பார்த்தால் சாப்பிடாது. தீனியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட வேண்டும், இருபது நிமிடம் கழித்து வந்தால் காலியாக இருக்கும். ஜப்தி இன்றும் விரலைத் தீனி என்றே நினைக்கிறது. அதைத் தூக்கும்போது பின்பக்கமாக, ஓட்டின் இரு ஓரத்தையும் பிடிப்பேன்.

சரி, சாமான்கள். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தரும் யூவிபி விளக்கு வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்குக் கட்டாயம். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அந்தக் கதிர் ஆறு மாதம், ஒரு வருடத்தில் மங்கிவிடும், மாற்ற வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். எனக்கு மொட்டைமாடி வாய்த்தது. பாதி நிழலில் இரண்டு பெரிய டப்பு, மேலே பூனைக்கும் காக்கைக்குமாகக் கம்பி வலை. விளக்குச் செலவு மிச்சம். மே மாதம் மட்டும் தண்ணீர் கொதித்துவிடுகிறது, அதனால் மத்தியானம் தொட்டுப் பார்த்து மாற்றுகிறேன். ஹீட்டர் வாங்கி வைத்தேன், சென்னையில் ஒரு நாளும் தேவைப்படவில்லை. தொட்டிக்குள் வைக்கும் சின்ன வடிகட்டி வீண்செலவு, இவர்கள் போடும் அழுக்குக்குப் பத்து நாள் தாங்காது.

தீனியில் காய்ந்த இறாலை மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும். வளர வளர இவை பச்சை அதிகம் தின்னும். பெல்லெட் தீனி வாரம் மூன்று நாள், மற்ற நாட்களில் முருங்கைக்கீரை, ஆகாயத்தாமரை இலை. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு போதும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் தருவார்கள். ஜப்தி அதை வடை மாதிரிக் கடிக்கும். தவணைக்குச் சுரண்டித் தூவ வேண்டும்.

ஆறாம் வருடம் ஜப்தி திடீரென்று சாப்பாட்டை விட்டது. டப்பின் சுவரை ராத்திரி பகலாகப் பிறாண்டியது. எக்ஸ்ரேயில் வயிறு நிறைய முட்டை. ஆண் துணை இல்லாவிட்டாலும் முட்டை வைக்கும், தோண்ட மண் கிடைக்காவிட்டால் உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும். மணல் நிரப்பிய பெட்டியில் விட்டேன், ஒன்பது முட்டை. பழைய உறவின் விந்து உடம்பில் தங்கிக் கருவாகியிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் எல்லாவற்றையும் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு புதைத்தேன். இன்னும் குஞ்சுகள் வேண்டவே வேண்டாம்.

கை கழுவுவதைப் பற்றி ஒரு வரி. ஆமைகளின் உடம்பில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கும். நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்காவில் 1975-லேயே தடை போட்டது இதனால்தான். எங்கள் டப்புகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவதே இல்லை.

வளர்க்க முடியாதவர்கள் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களில் ஒன்றாக இதைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். கேரளத்தில் திருச்சூர் பக்கம் நீர்நிலையில் இவை தலைகாட்டியபோது, பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் வீடுகளில் இருப்பதைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொன்னது. ‘வெளிநாட்டு ஆமை வேண்டாம், நம்மூர் நட்சத்திர ஆமை வளர்க்கிறேன்’ என்றும் கிளம்பாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

மறுபடி வாங்குவேனா? இரண்டாக மாட்டேன். ஒன்றாக என்றாலும் யோசிப்பேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருடம் இருக்கும் பிராணி. மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. கல்லூரி விடுதியில் ஆமைக்கு இடமில்லை என்பதை அவளே விசாரித்துச் சொல்லிவிட்டாள். ஆக, இரண்டு டப்பும் என் பேரில்தான் பட்டா ஆகியிருக்கின்றன.