கெரட்டின் ஸ்மூத்தனிங்: வேலைக்கு ஓடும் அம்மாக்களுக்கு 6 மாதக் கணக்கு

இடுப்பு வரை நீளும் சுருட்டை முடியைக் காலையில் சிக்கெடுக்கவே 20 நிமிடம் போகிறவர்களுக்குக் கெரட்டின் ஸ்மூத்தனிங் நிஜமாகவே உதவும். அடுப்பில் குக்கர், வாசலில் ஸ்கூல் வேன் என்று பறக்கிற நேரத்தில் தலைவாரும் வேலை 5 நிமிடத்தில் முடிவது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தச் சுகம் முழுதாகக் கிடைப்பது ஏறக்குறைய முதல் 3 மாதம்தான். அதற்கு முன்னால் ஒரு அரை நாளும், மிகக் கவனமான 3 நாட்களும் ஒதுக்க வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பார்லரில் ‘ஸ்மூத்தனிங்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, அமோனியம் தயோகிளைக்கோலேட் கலந்த க்ரீம். முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, அயர்ன் செய்து, நியூட்ரலைசர் போட்டு நேராகவே பூட்டிவிடுவது இது. ரீபாண்டிங்கும் இதே வழிதான், இன்னும் கடுமையாக. இது கரையாது, புதிதாக வளரும் முடி மட்டும் சுருட்டையாக வரும். மற்றொன்று கெரட்டின், அதாவது முடியிலேயே இயல்பாக உள்ள புரதத்தின் பெயரில் வரும் க்ரீம். முடியின் மேல் படலமாகப் படிந்து, சூட்டில் இறுகி, ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். மறுபடி பார்லர் பக்கம் போக எப்போது நேரம் கிடைக்கும் என்று தெரியாத அம்மாவுக்கு இரண்டாவதுதான் பொருத்தம். பழைய முடிக்கும் புது முடிக்கும் நடுவே கோடு விழாது.

பாட்டிலைக் கையில் வாங்கிப் பின்பக்கம் படியுங்கள். முன்பக்கம் ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று இருந்தாலும், பின்னால் மெத்திலீன் கிளைக்கால் அல்லது ஃபார்மலின் என்று இருந்தால் அயர்ன் சூட்டில் அதே வாயுதான் வெளிவரும். கண் எரிந்து தொண்டை கரகரப்பது அதனால்தான். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் ஆசிடும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. 2024-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு கடிதம், 26 வயதுப் பெண் ஒருவருக்கு இந்த ஆசிட் உள்ள க்ரீம் போட்ட 3 முறையும் சிறுநீரகப் பாதிப்பு வந்ததைப் பதிவு செய்தது. அவருக்கு உச்சந்தலையில் எரிச்சலும் புண்ணும் இருந்தன. ஆகவே தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் தேதியைத் தள்ளிவையுங்கள். போட்டபின் வாந்தி, முதுகுவலி, சிறுநீர் குறைவது போல ஏதாவது தெரிந்தால் உடனே டாக்டரிடம் போய், என்ன க்ரீம் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் செய்யவே வேண்டாம். பிள்ளை பெற்ற 3, 4 மாதத்தில் கொத்துக்கொத்தாக முடி கொட்டும் காலமும் இதற்கு ஆகாது. பின்னால் கொட்டியது பிரசவத்தாலா க்ரீமாலா என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். அந்தப் புகை பிஞ்சு மூச்சுக்கு ஏற்றதல்ல.

நல்ல கையில் வேலை எப்படி நடக்கும்? ஆழமாகச் சுத்தம் செய்யும் ஷாம்பூவால் 2 முறை அலசி, கண்டிஷனர் போடாமல் காயவைப்பார்கள். 4 பாகமாகப் பிரித்து, உச்சந்தலையிலிருந்து 1 செ.மீ. விட்டு பிரஷ்ஷால் தடவி, மிகுதியைச் சீப்பால் வழித்தெடுப்பார்கள். இந்த வழித்தெடுப்பில்தான் பல இடங்களில் சோம்பல். தேங்கி நிற்கும் க்ரீம்தான் அயர்னில் புகையாகக் கிளம்புகிறது. 20 முதல் 30 நிமிடம் ஊறியபின் ட்ரையரால் முழுக்க உலர்த்தி, மெல்லிய கற்றைகளாக எடுத்து அயர்ன் செய்ய வேண்டும். அயர்ன் படும்போது ‘உஸ்’ என்று சத்தம் கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஈரம் முடிக்குள்ளேயே கொதித்துக் குமிழியாகும். முடி பிறகு அதே இடத்தில் ஒடியும். தடித்த முடிக்கு 230 டிகிரி வரை போவார்கள். மெல்லிய முடிக்கும் சாயம் போட்ட முடிக்கும் 180 முதல் 200 டிகிரி போதும். நடுமுதுகு நீளத்துக்கு 3, 4 மணி நேரம் ஆகும். 1 மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்றால் ஏதோ ஒரு படியை விடுகிறார்கள்.

கறுப்பு ஹென்னா பாக்கெட் போடுகிற பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். முதலில் சொன்ன தயோகிளைக்கோலேட் வகை செய்தால், அதன் நியூட்ரலைசரில் உள்ள பெராக்சைடு பட்டு முடி சூடேறிக் கருகும். கிளையாக்ஸிலிக் வகை சாயத்தை வெளிறச் செய்யும் என்பதால், நரைக்கு டை அடிப்பவர்கள் 2 வாரம் கழித்து அடிப்பது நல்லது.

அடுத்த 3 நாள்தான் வீட்டுப் பெண்ணுக்குச் சோதனை. பெரும்பாலான கெரட்டினில் இந்த நாட்களில் தண்ணீர் படக்கூடாது, கட்டக்கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கக்கூடாது. க்ளிப், ஹெல்மெட், பூச்சரம் குத்தும் ஹேர்பின் எல்லாம் மடிப்பு விழவைக்கும். தலைக்குக் குளிக்க வேண்டிய வெள்ளி, அமாவாசை, மாதவிலக்கு நாட்களைப் பார்த்துத் தேதி குறியுங்கள். அடுப்படி வியர்வை தவிர்க்க முடியாதது; நனைந்த இடத்தை உடனே உலர்த்தி, மிதமான சூட்டில் ஒருமுறை அயர்ன் இழுத்தால் மடிப்பு போய்விடும்.

போவதற்கு முதல் வாரம் பிள்ளையின் தலையில் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். யாரும் சொல்லித் தராத விஷயம் இது. ஸ்மூத்தனிங் செய்த மறுநாள் பேன் தொற்றினால், மருந்து போட்டு அலசவும் முடியாது, பேன்சீப்பால் இழுக்கவும் முடியாது. அம்மா, பிள்ளை இருவருக்கும் பேன் தீர்த்துவிட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும்.

முதலில் கொஞ்ச நாள் முடி தலையோடு ஒட்டினாற்போல் தட்டையாக இருக்கும். பயப்பட வேண்டாம், 3, 4 குளியலில் இயல்பாகும். சல்பேட் இல்லாத ஷாம்பூவை வாரம் 2 முறைக்கு மேல் போடாதீர்கள். எண்ணெய் கெடுதல் இல்லை. அதைப் போக்க அரக்கித் தேய்ப்பதுதான் படலத்தைக் கரைக்கிறது. எண்ணெய்க் குளியல் விடமுடியாதென்றால் 2 ஸ்பூன் நுனிக்கு மட்டும் தடவி, அரைமணியில் அலசுங்கள். சீயக்காயை 3 மாதத்துக்கு ஒதுக்கிவையுங்கள். அந்தத் தூளைப் போக்கக் கசக்குவதிலேயே பாதி பலன் போய்விடும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் பலன் சீக்கிரமே குறைகிறது. கடைசி 2 குவளை மட்டும் குடிதண்ணீரில் அலசினாலே வித்தியாசம் தெரியும். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைச் சேமித்துத் தலைக்கு ஊற்றாதீர்கள். உப்பு முழுவதும் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

3-ஆம் மாத முடிவில் நெற்றியோரமும் பிடரியும் முதலில் சுருளும். வியர்வை படும் இடங்கள் அவை. 5-ஆம் மாதம் மழைக்காற்றுக்கு முடி மறுபடி உப்பும். 6 மாதத்தில் வேரில் ஏறக்குறைய 7 செ.மீ. புது முடி வந்திருக்கும். அப்போது மறுபடி செய்வதானால் நுனிவரை அதே சூட்டில் இழுக்க விடாதீர்கள். நுனி ஏற்கெனவே ஒருமுறை வெந்த முடி. பிளவுபட்டதை 3 செ.மீ. வெட்டிவிட்டு, வேர்ப்பகுதிக்கு மட்டும் முழுச் சூடு, கீழே ஒன்றிரண்டு இழுப்பு என்று உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்.