மலை இடிமேகம்: பெரிய கட்டமா, சிறிய கட்டமா?

2007 கோடையில் தென்மேற்கு ஜெர்மனியிலும் கிழக்கு பிரான்ஸிலும் ரேடார், லைடார் (லேசர் ஒளியால் காற்றை அளக்கும் கருவி), விமானங்களுடன் நடந்த காப்ஸ் (COPS) என்ற கள ஆய்வு, மலை மழையைக் கணிக்கும் கணினி மாதிரிகளை உரைகல்லில் உரசிப் பார்த்தது.

இம்மாதிரிகள் நிலப்பரப்பையும் அதன் மேலுள்ள காற்றையும் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. பெரிய கட்ட மாதிரியில் தென்மேற்கு ஜெர்மனியின் 1,493 மீட்டர் உயர ஃபெல்ட்பெர்க் சிகரம் மழுங்கிப்போகிறது. குறுகிய பள்ளத்தாக்குகள் மறைந்தே விடுகின்றன. இடிமேகத்தை அது நேரடியாகக் கணக்கிடாமல் தோராயச் சூத்திரத்தால் ஈடுகட்டுகிறது. அதனால் மழை சில மணி நேரம் முந்திக்கொள்கிறது. காற்றை எதிர்கொள்ளும் சரிவில் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது, மறுபுறமோ காய்கிறது.

ஓரிரு கிலோமீட்டர் கட்டம், வெயிலில் சூடேறிய சரிவுகளில் ஏறும் காற்று முகட்டில் குவிந்து மேகமாவதைத் தானே உருவாக்குகிறது. என் தேர்வு இதுதான். ஆனால் தாழ்நிலைக் காற்றின் ஈரப்பதத்தைச் சற்றுக் குறைத்துக் கொடுத்தாலும் இடிமேகம் பிறக்காமலே போகலாம். கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கணக்கீட்டு வேலை ஏறத்தாழ 8 மடங்காகும். திடீர் வெள்ளம் பாயும் பள்ளத்தாக்குகளுக்கு அந்தச் செலவு தகும்.