ஸ்குயர் ஜே மாஸ்கிஸ் ஜாஸ்மாஸ்டர்: டைனோசர் ஜூனியரின் ஒலியில் இந்தக் கிட்டாருக்கு எவ்வளவு பங்கு?

ஃபெண்டர் நிறுவனத்தின் குறைந்த விலை வரிசையான ஸ்குயரில் 2011-ஆம் ஆண்டு வெளிவந்த ஜே மாஸ்கிஸ் ஜாஸ்மாஸ்டரை வாங்க நினைப்பவர்களில் பலர், மாஸ்கிஸ் கிட்டார் வாசித்துப் பாடும் அமெரிக்க ராக் குழுவான டைனோசர் ஜூனியரின் இசைத்தட்டுகளைக் கேட்டு மயங்கியவர்களாகவே இருப்பார்கள். கிட்டாரைப் பற்றிய என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த விலைக்கு இது அசலான, உழைக்கக்கூடிய கருவி; ஆனால் அந்த இசைத்தட்டுகளில் கேட்கும் ஒலி இதை வாங்கிய மறுநாளே கைக்கு வந்துவிடும் என்று நம்பி வாங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

ஜாஸ்மாஸ்டர் 1958-இல் ஜாஸ் கலைஞர்களுக்காக உருவாக்கப்பட்டது. பெயரிலேயே ஜாஸ் இருந்தும் அவர்கள் அதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை; கலிஃபோர்னியாவின் சர்ஃப் இசைக் குழுக்கள்தான் எடுத்துக்கொண்டன. 1980 வாக்கில் உற்பத்தி நின்றுபோனதும் யாரும் விரும்பாத பழைய கிட்டார்களாக இவை மலிவு விலைக்குக் கிடைத்தன. நியூயார்க்கின் சோனிக் யூத் குழுவினரும், மாசசூசெட்ஸ் மாநிலம் ஆம்ஹர்ஸ்ட்டில் 1984-இல் டைனோசர் ஜூனியரைத் தொடங்கிய ஜே மாஸ்கிஸும் இதைக் கையில் எடுத்ததற்கு ஒலியைவிட விலையே முதற்காரணம். மாஸ்கிஸ் உண்மையில் வாங்க விரும்பியது ஸ்ட்ராட்டோகாஸ்டர். கையிலிருந்த பணத்துக்குக் கிடைத்தது ஜாஸ்மாஸ்டர்.

அந்தப் பழைய வடிவமைப்பின் பெரிய தொல்லை, உடல் பகுதியில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் அதன் பிரிட்ஜ். தடிமனான கம்பிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட அந்தப் பிரிட்ஜில், கம்பிகள் மிகச் சிறிய கோணத்தில் மட்டுமே வளைந்து, சுருதியை ஏற்றி இறக்க உதவும் ட்ரெமோலோவை நோக்கிச் செல்கின்றன. கம்பி உட்காரும் பள்ளங்களும் ஆழமற்றவை. ஆகவே மெல்லிய கம்பிகளைப் பூட்டி வலுவாக அடித்து மீட்டினால், அவை இடம் விட்டுத் தாவிவிடும். தாவாத நேரத்தில் இரையும். மாஸ்கிஸ் முதலில் டிரம்ஸ் வாசித்தவர்; கிட்டாரையும் ஏறக்குறைய அதே வேகத்தோடு அடிப்பவர். அவர் பெயர் தாங்கிய கிட்டாரில் அந்தப் பழைய பிரிட்ஜை நீக்கிவிட்டு, ஒவ்வொரு கம்பிக்கும் ஆழமான ஒரு வெட்டு உள்ள அட்ஜஸ்டோ-மேட்டிக் பிரிட்ஜைப் பொருத்தியிருப்பதில் வியப்பில்லை. இந்தக் கிட்டாரின் மிகச் சிறந்த அம்சம் இதுதான் என்பேன். எவ்வளவு முரட்டுத்தனமாக மீட்டினாலும் கம்பி அசையாமல் நிற்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: ஒவ்வொரு கம்பியின் உயரத்தையும் தனித்தனியே மாற்ற முடியாது, பிரிட்ஜ் முழுவதையும் சேர்த்தே ஏற்றி இறக்க வேண்டும்.

கம்பிகளின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்களும் மரபிலிருந்து விலகியவை. அசல் ஜாஸ்மாஸ்டரின் அகன்ற, தட்டையான சுருளுக்குப் பதிலாக, அதே அளவுள்ள உறைக்குள் கிப்சன் நிறுவனத்தின் பி-90 பாணிப் பிக்கப்களை வைத்திருக்கிறார்கள். மேல் சுருதிகளின் கண்ணாடி போன்ற பளபளப்பு சற்றுக் குறைகிறது. இடைநிலை ஒலிகள் தடித்து, முன்னே வருகின்றன. தூய ஒலியை மட்டும் நாடுபவர்கள் இதைக் குறையாகச் சொல்லலாம். ஆனால் மாஸ்கிஸ் பயன்படுத்துவது பிக் மஃப் வகை ஃபஸ் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் இயக்கும் கருவி) என்பதை நினைவில் கொண்டால், இந்த மாற்றத்தின் நியாயம் புரியும். நியூயார்க்கின் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் தயாரிக்கும் அந்தப் பெடலில் நான்கு டிரான்சிஸ்டர் கட்டங்கள் உள்ளன. அவற்றில் இரண்டு, டயோடுகளின் மூலம் ஒலியலையின் முகடுகளை வெட்டி, சுரத்தை நீண்ட நேரம் ஒலிக்கவிடுகின்றன. அதன்பின் வரும் டோன் சுற்று, 1,000 ஹெர்ட்ஸுக்கு அருகிலுள்ள இடைநிலையைக் குடைந்து எடுத்துவிடுகிறது. இடைநிலை செழிப்பாக உள்ள பிக்கப்பை அதற்குள் அனுப்பினால், குடைந்த பின்னும் கொஞ்சம் உடம்பு மிஞ்சும்.

மேல்புறத்தில் உள்ள ரிதம் ஸ்விட்ச்சைப் பலர் தொடுவதே இல்லை. கழுத்துப் பக்கப் பிக்கப்பை மட்டும் இயக்கி, ஒலியை நன்றாக இருளச் செய்யும் தனிச் சுற்று அது. ஆம்பில் (கிட்டார் ஒலிபெருக்கியில்) நேரடியாகக் கேட்டால் போர்வைக்குள் பேசுவது போலிருந்தாலும், ஃபஸ் பெடலுடன் சேரும்போது செல்லோவை நினைவூட்டும் ஒரு நீண்ட, வழவழப்பான நாதம் கிடைக்கிறது.

இனி இசைத்தட்டுகளுக்கு வருவோம். 1987-இல் எஸ்எஸ்டி நிறுவனம் வெளியிட்ட 'யூ ஆர் லிவிங் ஆல் ஓவர் மீ' தொகுப்பைக் கவனமாகக் கேட்டால், நாம் 'கிட்டார் ஒலி' என்று எண்ணுவதில் கணிசமான பகுதி லூ பார்லோவின் பேஸ் கிட்டாரிலிருந்து வருவது தெரியும். அவர் பேஸில் தனிச் சுரங்களோடு நிற்காமல், கிட்டாரைப் போல வேகமாக அடித்துக் கார்டுகளையும் மீட்டுகிறார். பிக் மஃப் குடைந்தெடுத்த இடைநிலையை அவருடைய வாசிப்பு நிரப்புகிறது. மூவர் மட்டுமே உள்ள குழு ஐவர் குழுவைப் போல ஒலிப்பதன் மர்மம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மேடையில் மார்ஷல் ஆம்ப் அடுக்குகளின் முன் ஜாஸ்மாஸ்டரோடு நிற்கும் மாஸ்கிஸ், ஒலிப்பதிவுக் கூடத்தில் தனி வாசிப்புகளுக்கு டெலிகாஸ்டரைப் பெரிதும் நாடுபவர். அவரிடமுள்ள 1958-ஆம் ஆண்டு டெலிகாஸ்டரை அடிப்படையாகக் கொண்டு, ஃபெண்டர் 2020-இல் அவர் பெயரில் இன்னொரு கிட்டாரையே வெளியிட்டது. புகைப்படத்தில் இருக்கும் கிட்டாரும் பதிவில் கேட்கும் கிட்டாரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

வீட்டில் பதிவு செய்பவர்களுக்கு இந்தக் கிட்டார் நன்றாக ஒத்துழைக்கும். ஓரளவு முடுக்கிய சிறிய வால்வு ஆம்ப்பின் ஸ்பீக்கருக்கு மிக நெருக்கமாக, கூம்பின் நடுவிலிருந்து சற்று விலக்கி, ஷூர் எஸ்எம்57 மைக்கை வையுங்கள். 1965 முதல் கிட்டார் ஆம்ப்களின் முன் நின்றுவரும் அந்த மைக், 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் சற்றுத் தூக்கிக் காட்டும். பி-90 பாணிப் பிக்கப்பின் தடிமனுக்கு அது பொருந்தும். ஃபஸ் பெடலை ஒரு தடத்தில் மட்டும் பயன்படுத்தி, அதே வாசிப்பை ஃபஸ் இல்லாமல் இன்னொரு தடத்தில் பதிந்து அடியில் கலந்தால், கார்டுகள் கரைந்துபோகாமல் தெளிவாக நிற்கும்.

குறைகளும் உண்டு. ஒற்றைச் சுருள் பிக்கப் என்பதால், ஃபஸ்ஸை முழுமையாகத் திறக்கும்போது எழும் ஹம் என்னும் இரைச்சலைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். கணினித் திரையின் அருகில் அமர்ந்து பதிபவர்கள் சற்றுத் திரும்பி உட்காருவது நல்லது. அசல் ஜாஸ்மாஸ்டரின் ட்ரெமோலோவில் உள்ள பூட்டுப் பொத்தான் இதில் இல்லை, எனவே ஒரு கம்பி அறுந்தால் மற்றவற்றின் சுருதியும் கலையும். தொழிற்சாலையிலிருந்து வரும் மெல்லிய கம்பிகளைக் கழற்றிவிட்டு சற்றுத் தடித்த 11 அளவுக் கம்பிகளைப் பூட்டி, கழுத்தின் மேல் முனையிலுள்ள நட்டின் வெட்டுகளில் கொஞ்சம் பென்சில் கரியைத் தடவினால் ட்ரெமோலோ ஒழுங்காக மீண்டு வரும். மை பிளடி வேலன்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸைப் போல, ட்ரெமோலோ கம்பைக் கையிலேயே பிடித்தபடி கார்டுகளை அடிக்க விரும்புபவர்கள் இந்த மாற்றங்களைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.

ஏற்கெனவே ஒரு நல்ல ஒற்றைச் சுருள் கிட்டாரை வைத்திருந்து, டைனோசர் ஜூனியரின் பதிவொலியை மட்டும் தேடுபவர்கள், இந்தக் கிட்டாருக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு பிக் மஃப்பும் பழைய வால்வு ஆம்ப்பும் வாங்கலாம். புதிதாகக் கிட்டார் வாங்குபவர், அதுவும் கை பலம் காட்டி வாசிப்பவர் என்றால், தயங்காமல் இதையே எடுக்கலாம்.